புகைக்குள் எட்டுப் பையன்கள்

'இடிமுழக்கப் படை' காமிக்ஸில் எட்டு வீரர்கள். போதாதென்று ஒவ்வொருவருக்கும் ஒரு எடுபிடிப் பையன் வேறு. எந்தப் புண்ணியவானுக்கு இந்த யோசனை வந்ததோ, அவன் ஒரு நாளும் தூரிகை பிடித்திருக்க மாட்டான்.

பென்சில் படங்களுக்கு மை தீட்டும் ஆண்களெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட, மன்ஹாட்டனில் இருந்த அந்தக் காமிக்ஸ் கூடத்தில் பதினாறு பேரும் ஹென்னியின் தலையில் விழுந்தார்கள். இன்று கடைசிப் பக்கம். பதினாறு பேரும் நாஜி நீர்மூழ்கிக் கப்பல் மேல் குதிக்கிறார்கள். மணி மூன்றரை. பயிற்சி முகாம் முடித்துப் போருக்குப் போகும் அவள் புருஷன் மில்ட்டன் ஏறும் பட்டாள ரயில் ஐந்துக்குப் புறப்படுகிறது. கல்யாணமாகி ஏழு வாரம்தான். பக்கம் முடியாமல் ஆசிரியர் கிரப்மன் யாரையும் வாசல் தாண்ட விடமாட்டார்.

வீரர்களை முடித்தபோதே மணி நாலு. பென்சில் கோட்டில் எட்டுப் பையன்கள் பல்லை இளித்துக்கொண்டு நின்றார்கள்.

"சனியன்களா! உங்களால என் புருஷன் மூஞ்சியைக்கூடப் பார்க்க முடியாது போலிருக்கே!"

மைப் புட்டியில் தூரிகையை நன்றாக முக்கினாள். கப்பலில் குண்டு வெடித்தது. கரும்புகை எட்டுப் பையன்களையும் விழுங்கியது.

கிரப்மன் வழக்கம்போலத் தலைகளை எண்ணினார். "எட்டுதான் இருக்கு. பசங்க எங்கம்மா?"

"புகைக்குள்ள சண்டை போடறாங்க சார்."

"என் காதுல பூ சுத்தாதே! ஒருத்தன் குறைஞ்சாலும் ஊர்ப் பிள்ளைங்க மூட்டை மூட்டையா லெட்டர் போடுவாங்க."

படங்களில் வசனம் எழுதும் கிழவர் கார்மைன் பேனாவை எடுத்தார். எட்டுப் பேச்சுக் குமிழ்களை எழுதி, வெட்டி, புகை மேல் ஒட்டினார். 'விடாதே, அடி!' 'இதோ வந்துட்டேன் கேப்டன்!' 'ஐயோ, என் காலை மிதிக்கிறது யாரு?'

கிரப்மன் மறுபடி எண்ணினார். தலை எட்டு, குமிழ் எட்டு. "பதினாறு. சரி, ஓடு!"

ஓடினாள். பென் ஸ்டேஷனில் மில்ட்டன் ரயில் படியில் தொங்கிக்கொண்டு கூட்டத்தைத் துழாவிக்கொண்டிருந்தான்.

"வந்துட்டியா! பதினாறு பேரையும் எப்படி முடிச்சே?"

"பசங்க எட்டுப் பேரையும் தீர்த்துக் கட்டிட்டேன்."

"அடிப்பாவி! எங்க முகாம்ல அவங்களுக்காகத்தான் புத்தகமே வாங்கறோம்!" விழுந்து விழுந்து சிரித்தான்.

ரயில் ஊதியது. ஹென்னிக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் காலரைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பயமா இருக்குடா. அங்க போய் வீரமெல்லாம் காட்டாதே. பின்னாடியே நில்லு. முழுசாத் திரும்பி வா."

எதற்கும் ஒரு கேலி கைவசம் வைத்திருக்கும் மில்ட்டனுக்கு அன்று ஒன்றும் அகப்படவில்லை. "சரி" என்றான். வண்டி நகர்ந்த பிறகும், காது கேட்காத தூரம் வரை, "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே போனான்.