வெயில் என்று எழுதப்பட்ட எருமை

வெயிலால் செத்ததாக எழுதப்பட்ட பால்காரம்மாவின் எருமை அந்தக் கோடை முழுவதும் அழுகவில்லை. அடுத்து வந்த மழைக்காலத்திலும் அழுகவில்லை. கால்நடை நோய் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் எதுவும் இல்லை. ஃபார்மலினில் வெறுங்கையை விட்டால் தோல் வறண்டுபோகும் என்பதைப்போல, காரணம் தப்பாகச் சொல்லப்பட்ட பிராணி அழுகாது என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆய்வுக்கூடத்து ஆள் ஒருவர் சரியான காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அது வளர்த்தவர் காதில் விழ வேண்டும். அதுவரை பிணம் காத்திருக்கும். கோழிகளுக்கு அவ்வளவு பிடிவாதம் கிடையாது, இரண்டொரு நாளில் விட்டுக்கொடுத்துவிடும். ஆடு கொஞ்சம் முறைத்துக்கொண்டு கிடக்கும். வெறிநோயை வயிற்றுவலி என்று சொல்லிவிட்டதற்காக ஒரு குதிரை, பிடரிமயிர் பளபளக்க, தப்பு திருத்தப்படும்வரை மேசையை விடாமல் படுத்திருந்தது. அட்டெண்டர் காலையில் வந்ததும் முதல் வேலையாக மேசைகளை முகர்ந்து பார்ப்பார். நாறினால், "நேத்து ரிப்போர்ட் சரிதான் மேடம்" என்பார். நாறாவிட்டால் பழைய கண்ணாடித் தகடுகளை எடுத்து மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தேநீர் குடிக்கப் போய்விடுவார்.

எருமையை அறுத்துப் பார்த்தவள் ஈரல் டாக்டர். எந்தப் பிராணி வந்தாலும் முதலில் ஈரலைக் கையில் எடுப்பாள் என்பதால் அந்தப் பெயர். பேச்சு மிகவும் குறைவு. மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள் என்றால் பக்கத்தில் ஒருவர் வந்து நின்று, இருமிப் பார்த்து, அலுத்துத் திரும்பிப் போனதுகூட அவளுக்குத் தெரியாது. அந்த எருமையின் ஈரல் களிமண் நிறத்தில் கெட்டித்துக் கிடந்தது. பித்தப்பை வீங்கியிருந்தது, வயிற்றுக்குள் மஞ்சள் நீர் தேங்கியிருந்தது, குடலில் ரத்தம். நகத்தளவு துண்டை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவிச் சாயமேற்றிப் பார்த்தாள். செல்கள் ஊதிப்போய்ச் செத்திருந்தன. பித்தக் குழாய்கள் தேவையில்லாத இடத்திலெல்லாம் முளைத்திருந்தன. பூசண நஞ்சு ஈரலில் செய்கிற வேலை அது. பால்காரம்மா மிச்சம் வைத்திருந்த தீவனத்தைச் சோதித்தபோது அதிலிருந்த கடலைப் பிண்ணாக்கில் அதே நஞ்சு இருந்தது. சாக்கின்மேல் இரண்டு முத்திரைகள். ஒன்று, தீவனம் நல்லது என்று ஆய்வுக்கூடமே குத்தியது. இன்னொன்று ஈரல் டாக்டருடைய அண்ணன் கடை முத்திரை.

அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்தவர் அண்ணன். இன்னமும் அவர் வீட்டு மாடியறையில்தான் இருந்தாள். கிடங்குக் கூரை ஒழுகிச் சரக்கெல்லாம் நனைந்த மாதத்தில், பிண்ணாக்கைக் காயவைத்து அரைத்துத் தீவனத்தில் கலந்துவிட்டதை, "ஒரு மூட்டைகூட வீணாக்கலை" என்று அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னதும், அண்ணி அதற்குச் சிரித்ததும் அவளுக்கு நினைவிருந்தன. அன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் போன பிறகும் தனியாக உட்கார்ந்திருந்தாள். பிறகு, 'பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு' என்று எழுதினாள். எந்தக் கடை என்று எழுதவில்லை.

அறிக்கை இயக்குநரின் மேசை இழுப்பறைக்குள் போயிற்று. அந்தத் தீவனத்துக்கு முத்திரை குத்தியவர் அவர்தான். பால்காரம்மாவைக் கூப்பிட்டு வெயில் என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஈரல் டாக்டரைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, வெயில் அடிக்கலைன்னு சொல்றியா?"

"அடிச்சுது சார்."

"எருமை செத்துச்சா?"

"செத்துச்சு சார்."

"அப்புறம் என்னம்மா உனக்கு?"

பால்காரம்மா எருமையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் புதைத்தாள். காலையில் அது குழிக்கு மேலே, உடம்பில் ஒரு பொட்டு மண் ஒட்டாமல் படுத்திருந்தது. இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். மண் அதையும் ஏற்கவில்லை. மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, "உங்க வெயில் வேலைக்கு ஆகலை" என்று ஆய்வுக்கூட வாசலில் இறக்கிவிட்டாள். அதன் பிறகு மற்ற மாடுகள் வரத் தொடங்கின. எல்லாவற்றுக்கும் களிமண் ஈரல். இயக்குநர் வெயிலை விட்டுவிட்டுப் பாம்புக்கடி என்றார், இடி என்றார், மாடு பாலிதீன் பையைத் தின்றுவிட்டது என்றார், வயதாகிவிட்டது என்றார். கடைசியாகச் சொன்னதைக் கன்றுக்குட்டிக்கும் சொன்னார். ஒவ்வொரு காரணத்துக்கும் மறுநாள் காலை அட்டெண்டர் முகர்ந்துவிட்டு வந்து, "ஒத்துக்க மாட்டேங்குது சார்" என்று பணிவாகத் தெரிவித்தார். பிரேத அறை நிறைந்தது, நடைகூடம் நிறைந்தது. குமாஸ்தாக்கள் மாடுகளைத் தாண்டித் தாண்டி நடக்கப் பழகினார்கள். ஒருத்தர் தன் குடையைக் கொம்பில் மாட்டிவைக்க ஆரம்பித்தார்.

ஈரல் டாக்டரைப் புட்டி கழுவும் அறைக்கு மாற்றினார்கள். அவள் எடுத்துவைத்திருந்த ஈரல் துண்டுகளை யாரோ கவனக்குறைவாக உறைபெட்டியில் வைத்துவிட்டார்கள் என்றும் சொல்லப்பட்டது. பனிக்கட்டி கட்டிய சதையில் செல்கள் வெடித்துவிடும், தகட்டில் வெறும் ஓட்டைகள்தான் தெரியும். அந்தத் தொழிலில் இருப்பவர் யாருக்கும் தெரியாத விஷயம் அல்ல. அவள் சண்டை போடவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு நடைகூடத்துக்குப் போனாள். எருமை செத்த அன்றைக்கு இருந்தபடியே இருந்தது. புதிதாக ஒரு துண்டு வெட்டி எடுத்தாள். அதையும் கெடுத்தார்கள், இன்னொன்று வெட்டினாள். அறிக்கை மேல் அறிக்கை எழுதி அனுப்பினாள். ஒவ்வொன்றிலும் பிண்ணாக்கு இருந்தது, கடை இல்லை. அந்த இடம் வந்ததும் பேனா தானாக நின்றுவிடும். அவளும் அதைத் தள்ளவில்லை.

பால்காரம்மா பால் ஊற்றும் வீடுகளிலெல்லாம் அந்தத் தீவனத்தை வாங்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தாள். சிலர் கேட்டார்கள். பலர், "ஆபீஸ் முத்திரையே இருக்கேம்மா" என்று வாங்கிப் போட்டார்கள். ஒரு நாள் நடைகூடத்தில், எருமையின் பக்கத்தில் இருந்த அவளருகே ஈரல் டாக்டர் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தபோது, அவள் கையமர்த்திவிட்டாள். "நீங்க சொல்லிடாதீங்க டாக்டரம்மா. எனக்குத் தெரியாமலா இருக்கு? ஆனா உங்க வாயால என் காதுல விழுந்தா இவ அழுகிடுவா. இவ அழுகிட்டா எங்கிட்ட சாட்சின்னு என்ன இருக்கு?" 

இதே யோசனை இயக்குநருக்கும் வந்தது, வேறு விதமாக. பால்காரம்மாவைத் தன் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தி, தானே நாற்காலி இழுத்துப் போட்டு, உண்மையை ரகசியமாகச் சொல்லிவிட அவள் காதருகே குனிந்தார். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, தெருவில் கூவுவதுபோல, "பால்! பாலேய்!" என்று கட்டடமே அதிரக் கூவினாள். பிறகு எழுந்து, "எனக்கும் உங்களுக்கும் என்ன சார் ரகசியம்? கேக்கிறவங்க என்ன நினைப்பாங்க? முற்றத்துக்கு வந்து எல்லார் முன்னாலயும் சொல்லுங்க" என்றாள். மற்ற மாட்டுக்காரர்களுக்கும் அன்றிலிருந்து காது கேட்காமல் போயிற்று.

வீட்டில் அண்ணன் தட்டில் கையை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். "நீ பேசினா நான் தெருவுலதான் நிக்கணும்."

"விக்கிறதை நிறுத்திடுங்க அண்ணா."

"முத்திரை இருக்கு, விக்கிறேன். உன்னைப் படிக்கவெச்சது யாரு?"

"நீங்கதான். அதனாலதான் எனக்கு இது தெரியுது."

அதற்கப்புறம் அந்த வீட்டில் கரண்டிச் சத்தம் மட்டும் பல வாரங்களுக்குக் கேட்டது.

கடைசியில் மேலிடத்து அதிகாரி ஒருவர் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. இயக்குநர் புட்டி கழுவும் அறைக்கே நேரில் வந்தார். "மாட்டுக்காரங்க எல்லாரையும் வரச் சொல்லியிருக்கேன். நீ அறுத்துப் பாத்தவ, உன்னை நம்புவாங்க. ஒவ்வொருத்தரா உள்ள கூப்பிட்டுக் காதோட சொல்லிடு. மாடு அழுகிடும். உன் மைக்ராஸ்கோப் உனக்குத் திரும்பக் கிடைக்கும். உன் அண்ணன் பேரும் வெளிய வராது. யாருக்கும்மா நஷ்டம்?" அவள் கையிலிருந்த புட்டியைக் கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தாள். யாருக்கும் நஷ்டம் இல்லைதான். தீவனம் மட்டும் தொடர்ந்து விற்கும், மாடுகள் மட்டும் தொடர்ந்து சாகும். இனிமேல் அவை ஒழுங்காக அழுகவும் செய்யும். "சரி சார், சொல்றேன்" என்றாள்.

அதிகாரி வரவேண்டிய அன்று முற்றத்தில் மாட்டுக்காரர்கள் காதுகளைப் பொத்திக்கொண்டு நெருக்கியடித்து நின்றார்கள். தன் சரக்கைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று பார்க்க அண்ணனும் வந்து மதிலோரம் நின்றார். இயக்குநர் அறைக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். ஈரல் டாக்டர் அதைத் தாண்டி நடந்து, படிக்கட்டின்மேல் ஏறி நின்றாள். "உங்க மாடு எதனால செத்துச்சுன்னு சொல்றேன். காதைத் திறந்து வெச்சுக் கேளுங்க" என்றாள். பால்காரம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். காதுகளிலிருந்து கையை எடுத்தாள். மற்றவர்களும் எடுத்தார்கள். "பூசணம் பிடிச்ச கடலைப் புண்ணாக்கு." எல்லோரும் திரும்பி மாடுகளைப் பார்த்தார்கள். அட்டெண்டர் எருமையின் அருகே குனிந்து முகர்ந்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினார். அவளுக்குத் தெரியும், அது போதாது. மதிலோரம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "வித்தது என் அண்ணன்" என்றாள். எங்கிருந்தோ ஓர் ஈ வந்து எருமையின் மூக்கில் உட்கார்ந்தது. "சரக்கு நனைஞ்சது தெரிஞ்சே வித்தார். நல்லதுன்னு முத்திரை போட்டது இந்த ஆபீஸ். நான் அந்தக் கடை பேரை எழுதாம விட்டேன்." அதற்குள் ஈக்கள் இருட்டிக்கொண்டு வந்துவிட்டன. கோடையிலிருந்து காத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் அழுகிற்று. அவள் பேசும்போதே முற்றத்துக்குள் வந்து நின்ற காருக்குள் இருந்த மேலிடத்து அதிகாரி கைக்குட்டையை முகத்தில் அழுத்தியபடி, முத்திரையை ரத்து செய்யும் உத்தரவில் காரை விட்டு இறங்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். முற்றத்தில் நின்ற ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை. பால்காரம்மா மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, "இப்பத்தான்டீ நீ செத்தே" என்று எருமையின் கொம்பைத் தடவினாள்.

மாலையில் ஈரல் டாக்டர் கை கால் கழுவாமல் வீட்டுக்குப் போனாள். அந்த நாற்றத்தையும் உடன் அழைத்துக்கொண்டுதான் போனாள். அண்ணன் வாசலை மறித்து நின்றார். "இந்த வாடையோட உள்ள வராதே."

"இது உங்க மூட்டையிலேருந்து வந்தது அண்ணா. தன் வீட்டுக்குத்தான் வந்திருக்கு."

அவர் நகர்ந்து வழிவிட்டார். அவள் உள்ளே போய் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். அண்ணி தட்டை வைத்தாள். எதிரில் அவரும் வந்து உட்கார்ந்து, வெகு நேரம் கழித்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

நாற்றம் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. சுண்ணாம்பு அடித்தார்கள், ஜன்னல்களை மாற்றினார்கள், பயன் இல்லை. அண்ணன் தீவனக் கடையை மூடிவிட்டுக் கயிறும் வாளியும் விற்றார். பொருள் நல்லது என்று பெயர் எடுத்தார். தங்கை மாடியறையைக் காலி செய்யவில்லை, காலி செய்யச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் காரணத்தை முற்றத்தில் வைத்துச் சத்தமாகச் சொல்வது வழக்கமாயிற்று. அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகள், வீடு என்றால் அப்படித்தான் வாடை அடிக்கும் என்று நினைத்து வளர்ந்தார்கள். புதிதாக யார் வந்தாலும் அண்ணி வாசலிலேயே சொல்லிவிடுவாள்: "உள்ள கொஞ்சம் நாறும். உக்காருங்க, பழகிடும்."