ஒயர் அறுந்த இடம்

ராஜகோபாலைக் குளிப்பாட்டக் குடங்கள் வந்து வரிசையாக இறங்கிவிட்டன. முதல் குடத்தை ஊற்ற வேண்டிய மகனைத்தான் காணோம். பெரியப்பா "சங்கர், சங்கர்" என்று இரண்டு முறை குரல் கொடுத்துப் பார்த்தார். மூன்றாம் முறை கூப்பிடாமல் சௌம்யாவைப் பார்த்தார். சாவு வீட்டில் எது குறைந்தாலும் மருமகளைத்தான் பார்ப்பார்கள். அவள் ஈரப் புடவையைச் செருகிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

சங்கர் மாடிப்படிக்கு அடியில் இருந்தான். ஒற்றை வேட்டியோடு தரையில் குந்தி, மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் இரண்டு ஊசிகளையும் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தான். முற்றத்தில் அப்பா கிடக்கிறார் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. அங்கே அவன் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை, இங்கே இருந்தது.

"நியூட்ரல் லைட் எரியுது பாரு. ஹாரன் அடிக்குது. பேட்டரி பன்னண்டர வோல்ட் காட்டுது," என்றான், அவளைத் திரும்பிப் பார்க்காமலே. "அப்பறம் ஏன் எடுக்கல?"

அந்த வண்டியை வாங்க ஆறு மாதம் காத்திருந்தான். அந்தக் காலத்து வண்டியின் சாயலில் புதிதாகச் செய்து விற்றார்கள். வெளியே பார்த்தால் தாத்தா, உள்ளே பட்டன் ஸ்டார்ட். அவன் வேலை பார்த்த கொண்டாப்பூரில் கம்பெனி வாசலுக்கு வாசல் அது நின்றது. சங்கர் சும்மா இருக்காமல் அதில் இரண்டு பெரிய விளக்கும் ஒரு முரட்டு ஹாரனும் தானே ஒயர் இழுத்து மாட்டினான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. அதற்கப்புறம் இரண்டு மாதத்தில் மூன்று தடவை மக்கர். ஒரு தடவை எர்த் ஒயர் தளர்ந்திருந்தது, ஒரு தடவை ஃப்யூஸ், ஒரு தடவை பேட்டரியே இறங்கிவிட்டது. மூன்றையும் அவனே கண்டுபிடித்தான். கம்பெனியில் அவனுக்கு வேலையே மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது. காரணம் தெரியாமல் ஒரு பிழையையும் அவன் மூடியதில்லை.

அன்று காலை ஏழு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு அடைத்தது. திருமுல்கேரியில் அவர்கள் தெருவைக் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிப் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆம்புலன்ஸ் தெருமுனைக்குத்தான் வரும், அதற்கும் இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். பள்ளத்தின்மேல் போட்டிருந்த பலகையில் ஆட்டோ ஏறாது, இருசக்கர வண்டி மட்டும் தாண்டும். ராஜகோபால் தானே சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு, தானே செருப்பு மாட்டி, நடந்து வந்து வண்டியில் பின்னால் உட்கார்ந்தார். டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். எங்கே போனாலும் ஒழுங்காகத்தான் கிளம்புவார். சங்கர் பட்டனை அழுத்தினான். ஒன்றும் இல்லை. உதைத்தான். மறுபடி உதைத்தான். பிறகு இறங்கி மூடியைக் கழற்றி ஃப்யூஸைப் பிடுங்கிப் பார்த்தான், பேட்டரி முனைகளைச் சுரண்டினான். சௌம்யா மாமனாரின் தோளைப் பிடித்துக்கொண்டு வலது பக்கம் நின்றாள்.

"அவசரப்படாதடா, எடுக்கும்," என்றார் அவர். அதுதான் கடைசி. கொஞ்ச நேரத்தில் அவர் எடை முழுக்க அவள் கைமேல் வந்தது. பக்கத்துத் தெரு ஸ்கூட்டர் வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு நிமிஷம் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் நாடி பார்த்துவிட்டு, வந்த வழியே அனுப்பினார்கள்.

"எழுந்திருங்க. அங்க எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க," என்று சொல்லிக்கொண்டே சௌம்யா மீட்டரை அவன் கையிலிருந்து வாங்கினாள். வாங்கும்போது அவள் கண் வலது கைப்பிடியில் பட்டது. பட்டனுக்கு மேலே இருந்த சிவப்பு ஸ்விட்ச் எதிர்ப்பக்கம் சாய்ந்து கிடந்தது.

அவளுக்கு ஒயர் புதிதில்லை. குடியாத்தத்தில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்து, கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் ஸ்டெபிலைசர் கம்பெனியில் சால்டரிங் பார்த்தவள். வண்டியைச் சட்டென்று நிறுத்துவதற்கான ஸ்விட்ச் அது. அதை அணைத்து வைத்தால் விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், எஞ்சின் மட்டும் எடுக்காது. சங்கர் அதை ஒரு நாளும் தொட்டதில்லை. நேற்று சனிக்கிழமை மாமா ஈரத்துணியால் வண்டியைக் கைப்பிடியிலிருந்து பின்விளக்கு வரை துடைத்தார். வேறு யாரும் அதன் கிட்டே போகவில்லை.

வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. கட்டைவிரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். பன்னிரண்டு நிமிஷமும் அவள் முழங்கை அந்த ஸ்விட்சை ஒட்டித்தான் இருந்தது. அழுகை வரும் என்று நின்றாள். வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போல இருந்தது.

சங்கர் எழுந்து போய்க் குடத்தை எடுத்தான். சொன்னதையெல்லாம் செய்தான். வாய்க்கரிசி போடச் சொன்னபோது போட்டான், சுற்றச் சொன்னபோது சுற்றினான். மாமியார் வள்ளியம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் வண்டி எடுக்காத கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரையும் குறை சொல்வதற்காக அல்ல. அழுவதற்கு ஒரு வழி வேண்டியிருந்தது, அது கிடைத்தது. ஆனால் அவள் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் சங்கரின் கழுத்து ஒரு சுற்று இறங்கியதைச் சௌம்யா பார்த்தாள்.

மூன்று மணிக்குப் பாடை கிளம்பியது. ஆண்கள் பலகைமேல் பார்த்துப் பார்த்துத் தாண்டிப் போனார்கள். பெண்கள் வள்ளியம்மாளைக் குளிக்கக் கூட்டிப் போனார்கள். வீட்டைக் கழுவத் தண்ணீர் எடுக்கிறேன் என்று சௌம்யா பின்பக்கம் வந்தாள். சாவி வண்டியிலேயே தொங்கியது. சிவப்பு ஸ்விட்சை நேராக்கி, சாவியைத் திருப்பி, பட்டனைத் தொட்டாள். எஞ்சின் உடனே உயிர் பிடித்தது. பதறிப்போய்ச் சாவியை அணைத்தாள். தெருவில் பறைச் சத்தம் இன்னும் கேட்டதால் யாரும் கவனிக்கவில்லை.

இப்படியே விட்டுவிடலாம். சாயங்காலம் அவன் வந்து பட்டனை அழுத்துவான், வண்டி எடுக்கும். காலையில் எடுக்காதது இப்போது ஏன் எடுக்கிறது என்று யோசிக்க ஆரம்பிப்பான். யோசித்தால் விடமாட்டான். ஒரு வாரமோ ஒரு மாதமோ கழித்து, ஆபீஸிலோ சாப்பிடும்போதோ அந்த ஸ்விட்ச் ஞாபகத்துக்கு வந்துவிடும். அதற்கப்புறம் அவன் அவனாக இருக்கமாட்டான். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் மாமா பிழைத்திருக்கமாட்டார் என்று ஆயிரம் பேர் சொல்லலாம். அவன் பன்னிரண்டு நிமிஷத்தை மட்டும்தான் எண்ணுவான். அவனுக்கு ஒரு கோளாறு வேண்டும்.

மாலைக்கு நூல் வெட்டிய சின்னக் கத்தரிக்கோலைக் கூடத்திலிருந்து எடுத்து வந்தாள். ஸ்விட்சிலிருந்து இறங்கும் ஒயர்கள் கறுப்பு உறைக்குள் போய், கைப்பிடி திரும்பும் இடத்தில் மடங்கின. உறையைக் கீறி, இரண்டில் ஒன்றை வெட்டினாள். சாவியைத் திருப்பினாள். நியூட்ரல் விளக்கு எரிந்தது, ஹாரன் லேசாக முனகியது, பட்டனை அழுத்தினால் ஒன்றும் இல்லை. காலையில் இருந்தபடியே இருந்தது. வெட்டிய முனையில் செம்பு பளபளவென்று மின்னியது. பழைய ஒயர் தேய்ந்து அறுந்தால் கறுத்துப் போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நகத்தால் இழைகளைப் பிரித்துவிட்டுப் பார்த்தாள்; மின்னத்தான் செய்தது. அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். உறையை மூடி, வண்டிமேல் பழைய போர்வையைப் போட்டுவிட்டுப் போனாள்.

மயானத்திலிருந்து வந்த சங்கர் குளித்தான். பக்கத்து வீட்டிலிருந்து வந்த இட்லியைத் தொடவில்லை. காலையிலேயே மெக்கானிக்கை வரச் சொல்லவேண்டும் என்றான். சௌம்யாவே போன் போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் பால் தெளித்துவிட்டு வந்து பதினொரு மணி இருக்கும், மெக்கானிக் அப்துல் ரஹீம் வந்தார். தாத்தா காலத்தில் வாணியம்பாடியிலிருந்து வந்த குடும்பம். தமிழ் கேட்டால் தமிழ், உருது கேட்டால் உருது பேசுவார். உள்ளே போய் வள்ளியம்மாளிடம் இரண்டு வார்த்தை பேசி, படத்துக்கு முன்னால் தலைகுனிந்து நின்றுவிட்டு வந்தார். சங்கர் அவரிடம் மீட்டர் காட்டிய எண்கள், சரிபார்த்த இணைப்புகள் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். அவர் "ஹவ், ஹவ்" என்று ஆமோதித்துக் கேட்டுக்கொண்டே போர்வையை விலக்கினார். அவர் கை நேராகச் சிவப்பு ஸ்விட்சுக்குப் போனது. அது ஆனில்தான் இருந்தது.

"முதல்ல இதான் பாக்கணும் சாப். பாதிப் பேர் இத ஆஃப் பண்ணிட்டு என்னைக் கூப்புடுவாங்க."

சங்கர் பேச்சை நிறுத்திவிட்டான். அந்த ஸ்விட்சை அப்போதுதான் பார்ப்பவன்போலப் பார்த்தான். முகத்தில் இருந்த கொஞ்ச நிறமும் போயிற்று.

"நேத்து அது..." என்று சௌம்யா பக்கம் திரும்பினான். "நேத்து அது ஆன்லதான் இருந்துதா?"

"ஆன்லதாங்க இருந்துது," என்றாள் சௌம்யா. "மாமாவப் பிடிச்சிட்டு நின்னப்ப என் கைகிட்டயேதான் இருந்துது. நான் பாத்தேன்."

இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்ல வரும் என்று அவளுக்கே தெரியாது. சங்கர் அவளை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றான். அப்துல் ரஹீமும் பார்த்தார். பிறகு குனிந்து வேலையில் இறங்கினார். விளக்குக் கூட்டைத் திறந்து, ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே மேலே வந்தவர், கைப்பிடி மடங்கும் இடத்தில் நின்றார். கறுப்பு உறையைப் பிரித்தார். வெட்டிய முனையை விரல் நுனியில் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. தலையை நிமிர்த்தி ஸ்விட்சைப் பார்த்தார், சௌம்யாவைப் பார்க்கவில்லை. அவள் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"மில்கயா, கெடச்சிருச்சு," என்றார். உடம்பைக் கொஞ்சம் திருப்பி, சங்கர் பக்கம் முதுகு வருகிற மாதிரி நின்றுகொண்டு, இரண்டு முனையிலும் அரை விரல் நீளம் நறுக்கினார். நறுக்கிய துண்டுகளைக் கீழே போடவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இங்க திரும்பித் திரும்பி ஒயர் தேஞ்சு அறுந்துட்டிருக்கு சாப். வெளிய பாத்தா தெரியாது."

"நான் இருபது தடவையாச்சும் உதைச்சேன் பாய்."

"இருநூறு தடவ உதைச்சாலும் எடுக்காது. நானே நின்னு உதைச்சிருந்தாலும் எடுத்திருக்காது. உங்க மேல எதுவும் இல்ல."

சங்கர் படியில் உட்கார்ந்து, அவர் சின்னத் துண்டு ஒயர் வைத்து முறுக்கி, டேப் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை முடிந்ததும் வண்டியை எடுத்துப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினான். அப்துல் ரஹீம் கையைத் துடைத்துக்கொண்டு, பலகைமேல் ஏறித் தெருவைத் தாண்டிப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து, சோறு இருக்கா என்று சங்கர் கேட்டான்.

பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோறும் ரசமும் இருந்தன. சௌம்யா தட்டு வைத்துப் பரிமாறினாள். முதல் கவளத்தை விழுங்கச் சிரமப்பட்டான். அப்புறம் தலை நிமிராமல் சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிப் பிசைந்தான். அதைப் பாதி சாப்பிட்டவன், கை தட்டிலேயே இருக்க, சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போனான். எழுப்பிக் கை கழுவச் சொல்லலாமா என்று யோசித்தாள். எழுந்தால் எல்லாம் ஞாபகம் வந்துவிடும்.

விரல்களில் சோறு காய ஆரம்பித்தது. ஒரு ஈ வந்தது. சௌம்யா அதை விரட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.