லாந்தனம் செய்யாத வேலை

மழைக்காலம் முழுக்க ஆய்வு மாணவி ருக்கியா தயாரித்த வினையூக்கியான லாந்தனம் ஆல்காக்சைடு, காற்றின் ஈரம் பட்ட மாத்திரத்தில் ஒன்றுக்கும் உதவாத வெள்ளைப் பொடியாகி அவள் கழுத்தை அறுத்தது. தை பிறந்து, வாளையாற்றுப் பக்கமிருந்து வறட்டுக் காற்று வீசத் தொடங்கியதும் அதே பொருளுக்குப் புத்தி வந்துவிட்டது. இரண்டு சேர்மங்களின் கார்பன்களைக் கோத்து, குடுவை நிறையப் படிகங்களைத் தந்தது. பாலக்காட்டுக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் லட்டு.

வழிகாட்டியான பேராசிரியர் ஆறுமுகசாமிக்கு மாதக் கடைசியில் ஓய்வு. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் வேறு வழிகாட்டி கிடையாது, ஐந்து வருட உழைப்பு அம்போ. தட்டச்சும் முடிந்தது. திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டியதுதான் பாக்கி.

பாழாய்ப்போன மனசு சும்மா இருந்ததா? அந்தப் பொருளைச் சுடரில் காட்டினால் மஞ்சளாய் எரிந்தது. அது சோடியத்தின் நிறம். தயாரிப்பில் சோடியமும் உண்டு. அதில் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தால், கார்பன்களைக் கோத்தது லாந்தனமா, சோடியமா?

"கை வேர்வை பட்டாலும் மஞ்சளாத்தான் எரியும், போம்மா" என்று பேராசிரியர் தட்டிக்கழித்தார். அதுவும் உண்மைதான். ஆனாலும் இரண்டு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை மதியம், அந்த இரண்டு சேர்மங்களோடு, லாந்தனமே இல்லாமல் சோடியம் ஆல்காக்சைடை மட்டும் ஒரு சிட்டிகை போட்டாள்.

ஆய்வுக்கூட உதவியாளர் சின்னமுத்து பதறினார். "ஏனுங்கம்மா, எல்லாம் முடிஞ்சுதுங்கல்ல? உங்க சோத்துல நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்காதீங்க."

"பாக்காம இருக்க முடியலண்ணே."

உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலைச் சாத்தினாள், மறுபடி திறந்தாள். ஒரு மணி நேரத்தில் குடுவைக்குள் அதே படிகங்கள், முன்னதைவிடக் கூடுதலாகவே. கோத்தது சோடியம்தான்; லாந்தனத்துக்கு அதில் வேலையே இல்லை.

குறிப்பேட்டோடு பேராசிரியரின் அறைக்கு ஓடினாள். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"போன மாசமே நானும் சோடியத்த மட்டும் போட்டுப் பாத்துட்டேனம்மா."

"பின்ன ஏன் சார் சொல்லல?"

"ரிட்டயராகறதுக்குள்ள உனக்குப் பட்டம் வாங்கிக் குடுத்தரலாம்னு பாத்தேன்" என்றார், மேசையைப் பார்த்தபடி.

கோபமும் அழுகையும் ஒன்றாய் வந்தன அவளுக்கு. மேசையில் கிடந்த ஆய்வேட்டை இழுத்து, தலைப்பில் 'லாந்தனம்' என்றிருந்த இடத்தைப் பேனாவால் அழுத்தி அடித்தாள். ஐந்து வருடமும் அந்த ஒரு கோட்டில் போயிற்று. அவர் தடுக்கவில்லை.