வலப்பக்கம் மூன்று

"இரும்பை விடுங்க சித்தி. ஆக்சிஜனை மட்டும் எண்ணுங்க. இடப்பக்கம் எத்தனை?"

சைரா தன் மடியில் விரிந்திருந்த நோட்டில் இருந்த வேதியியல் சமன்பாட்டைக் குனிந்து பார்த்தாள். எழுத்துகள் ஆடின. கார்தான் ஆடுகிறது என்று சொல்லிக்கொண்டாள். "ரெண்டு."

அவளோடு தங்கிப் படிக்கும் அக்கா மகள் எல்னுரா இரண்டு குருத் உருண்டைகளை நோட்டின் இடப்பக்கம் வைத்தாள். உப்புப் போட்டுக் காயவைத்த தயிர் உருண்டைகள். போன வாரம்தான் அவள் அப்பா துராத் ஊரிலிருந்து பை நிறைய அனுப்பியிருந்தார்.

துராத் இன்று காலை குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனவர் அங்கேயே விழுந்து செத்துப்போனார். போனில் சொன்னது அவருடைய அண்ணன் ஜுமாபேக். "பொண்ணுகிட்ட வாயத் தொறக்காத. அப்பனுக்கு ஒடம்பு சரியில்லன்னு மட்டும் சொல்லிக் கூட்டிட்டு வா. ஊர் எல்லையில நாங்க நிப்போம். சொல்ற விதமா நாங்க சொல்லிக்கிறோம்."

முறை அதுதான். சாவுச் செய்தியைப் பெரியவர்கள் கூடி நின்று, தோளில் கை போட்டுச் சொல்ல வேண்டும். தனியாகக் கேட்டால் பிள்ளை தாங்காது. ஆனால் பிஷ்கெக் பஜாரில் சைராவுக்கு ஓட்டை வாய் என்றுதான் பெயர். அவளை நம்பி இப்படி ஒன்றைக் கொடுத்துவிட்டார்களே என்று பகல் முழுக்க வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.

டிரைவரின் போன் அடித்தது.

"ஆமாம்மா, கோச்கோர்தான் போறேன். அந்த வீட்டுக்குத்தான். பாவம், சாகுற வயசா..."

சைரா இருமினாள். அது போதாதென்று முன்சீட்டை முழங்காலால் இடித்தாள். டிரைவர் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்து எச்சில் விழுங்கினான். "...அதான், அந்த என்ஜின் சாகுற வயசான்னு கேக்குறேன். வைம்மா போன."

எல்னுரா தலை தூக்கவில்லை. "வலப்பக்கம் எத்தனை சித்தி?"

"மூணு."

மூன்று உருண்டைகளை வலப்பக்கம் வைத்தாள். "அப்பாகிட்ட இதக் குடுத்தா என்ன பண்ணுவாரு தெரியுமா? ரெண்டுக்கும் மூணுக்கும் பொதுவா ஆறு, ரெண்டு பக்கமும் பெருக்கணும்னு நான் கத்துவேன். அவரு வலப்பக்கத்துல ஒண்ண எடுத்து வாயில போட்டுக்குவாரு. 'இப்போ சரியாப் போச்சா?'ம்பாரு."

சைராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயை அப்படியே கடித்துக்கொண்டாள். அத்தான் அப்படித்தான்.

அப்போதுதான் அது உறைத்தது. அப்பாவுக்கு என்ன உடம்பு, எந்த ஆஸ்பத்திரி, அம்மா ஏன் போன் எடுக்கவில்லை என்று இந்தப் பெண் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வாய் தேநீருக்கு நூறு கேள்வி கேட்பவள். காலையில் அவள் கேட்காததை நல்லதென்று நினைத்திருந்தாள் சைரா. இப்போது பயமாக இருந்தது.

"கண்ணு..."

"அடுத்தது போடலாம் சித்தி. பரீட்சைக்கு ஒரு வாரம்தான் இருக்கு."

அடுத்ததும் போட்டார்கள், அதற்கடுத்ததும். கணவாய் தாண்டியது, ஏரி தெரிந்து மறைந்தது. பிறகு எல்னுரா பக்கங்களைத் திருப்பி மறுபடியும் அந்த இரும்புக் கணக்குக்கே வந்தாள். உருண்டைகளை முன்போலவே வைத்தாள்.

ஊர் எல்லையில், பெட்ரோல் பங்க் பக்கத்தில், வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்ட கிழவர்கள் நின்றிருந்தார்கள். கார் வேகம் குறைந்தது.

"எண்ணி முடிக்கல சித்தி."

"முடிச்சாச்சும்மா. இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் மூணு."

கதவு திறந்தது. ஜுமாபேக் குனிந்து, "வாடா செல்லம்" என்று கை நீட்டினார்.

எல்னுரா வலப்பக்கத்திலிருந்து ஓர் உருண்டையை எடுத்தாள். சைராவின் கையை விரித்து அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"இத யாரும் தின்னுடாதீங்க சித்தி."

இறங்கிப் பெரியப்பாவை நோக்கி நடந்தாள். நோட்டின் மேல் இந்தப் பக்கம் இரண்டும் அந்தப் பக்கம் இரண்டும் இருந்தன. சைரா கையைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.