சம்பந்திகளுக்கு நடுவில் ஒரு நாற்காலி

பிரேம்நாத் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் சாப்பிடுவார். சாம்பார், ரசம், மோர் என்று ஒன்றையும் விடமாட்டார். கை கழுவி வந்தபின் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேனேஜரிடம் கொடுப்பார். மறுநாள் அந்தக் கிளை இருக்காது. நெல்லிமரம் ஃபேமிலி ரெஸ்டாரண்ட் ஒரு காலத்தில் பதினொரு ஊர்களில் விளக்கெரிய நின்றது. சாப்பாடு வீட்டுக்கே வந்து மணியடிக்கத் தொடங்கியதும் ஏழு ஊர்களில் விளக்கு அணைந்தது. ஏழிலும் கடைசியாகச் சாப்பிட்டவர் பிரேம்நாத்தான்.

அவர் ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்துக்கு வருகிறார் என்று சத்யப்ரியாவுக்குச் செய்தி வந்தது. தட்டு எடுக்கும் வேலையில் சேர்ந்து ஆறே வருடத்தில் அங்கே மேனேஜரானவள் அவள். அவளோடு சேர்த்துப் பதினான்கு பேருக்கு அந்தக் கிளைதான் சோறு போட்டது.

கிளை ஏன் ஈ ஓட்டுகிறது என்று அவளுக்குத் தெரியும். கல்யாணப் பட்டு எடுக்க மாகறலிலிருந்தும் திருப்புட்குழியிலிருந்தும் வேன் வைத்துக்கொண்டு வருகிறவர்கள், காலை முழுக்கப் புடவை பார்த்துவிட்டுப் பசியோடு காந்தி ரோட்டில் இறங்குவார்கள். கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே நாலு பேர் உட்காரும் சோபாக்கள், ரயில் பெட்டி மாதிரி தடுப்புத் தடுப்பாக. அப்படியே திரும்பிவிடுவார்கள். சம்பந்தி வீட்டாரை நாலு நாலு பேராகப் பிரித்து உட்கார வைத்தால், யாரை யாரோடு உட்கார வைத்தார்கள், யாருக்கு முதலில் இலை விழுந்தது என்பதெல்லாம் பேரன் பிறந்த பிறகும் பேச்சாக இருக்கும்.

சோபாக்களை எடுக்கட்டுமா என்று அவள் தலைமை ஆபீசுக்கு மூன்று முறை எழுதிக் கேட்டாள். எல்லாக் கிளையும் ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும் என்று மூன்று முறையும் பதில் வந்தது. சனிக்கிழமை மத்தியானம் சமையல் மாஸ்டர் முனிரத்தினத்தைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஸ்பேனர் இருக்குதா?"

"எதுக்குமா?"

"எப்படியும் மூடத்தான் போறாங்க. ஒரு நாளாவது நம்ம இஷ்டத்துக்கு நடத்திப் பாக்கலாம்."

சோபாக்கள் பின்கட்டுக்குப் போயின. கல்யாண மண்டபத்திலிருந்து வாடகைக்கு வந்த மேசைகள் சுவரிலிருந்து சுவர் வரை ஒரே கோடாக நின்றன. ஆறு ஒன்று கூடத்துக்குள் புகுந்து ஓடுவது போல இருந்தது.

ஞாயிறு ஒரு மணிக்கு இருபத்தைந்து பேர் பட்டுக்கடைப் பைகளோடு வாசலில் நின்றார்கள். எட்டிப் பார்த்தார்கள். உள்ளே வந்தார்கள். பையன் வீட்டார் மேசையின் இந்தப் பாதியிலும் பெண் வீட்டார் அந்தப் பாதியிலும் உட்கார, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

அந்தக் கூட்டத்தின் வாலைப் பிடித்தாற்போல பிரேம்நாத்தும் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், கக்கத்தில் பை. போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த கிரேஸ் அவரை இதற்கு முன் பார்த்ததில்லை.

"இன்னா சார் அங்கயே நிக்கிறீங்க? உங்க ஆளுங்க எல்லாம் உக்காந்துட்டாங்க."

நடு நாற்காலியைக் காட்டினாள். அவர் வாயைத் திறப்பதற்குள் பையனின் அம்மா கிருஷ்ணவேணி எழுந்தே விட்டாள். பெண்ணுக்குத் தாய்மாமன் யாரோ வந்திருக்கிறார் என்று அவளுக்கு நினைப்பு. "வாங்கண்ணா, உக்காருங்க." அந்தப் பக்கம் பெண் வீட்டாரோ, பையனுக்குப் பெரியப்பா போலிருக்கிறது என்று அவசரமாக இடம் விட்டார்கள்.

சத்யப்ரியா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது, அவரைச் சுற்றி நாலு கைகள் பரிமாறச் சொல்லிக்கொண்டிருந்தன.

"அண்ணனுக்கு நெய் ஊத்துமா."

"நான் வந்து..." என்றார் பிரேம்நாத்.

"மொதல்ல சாப்புடுங்க. பேச்சு எங்க போவுது?"

அவள் கதவோரமே நின்றுவிட்டாள். இப்போது போய் உண்மையைச் சொன்னால் இரண்டு வீட்டாருக்கும் முகம் சுருங்கும். சொல்லாவிட்டால் அவர் என்ன நினைப்பாரோ.

பாயசம் வரும்போது விவகாரமும் வந்தது. முகூர்த்தப் புடவை எடுத்தாயிற்று, ரிசப்ஷன் புடவைதான் முடிவாகவில்லை. அரக்கா, மயில் கழுத்தா? ஒரு வீட்டார் மனதை இன்னொரு வீட்டார் நோகடிக்கக் கூடாதென்று காலையிலிருந்து எல்லாரும் "உங்க இஷ்டம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணவேணி போனில் இரண்டு படத்தையும் காட்டினாள்.

"நீங்க சொல்லுங்கண்ணா. உங்க வூட்ல பெரியவரு நீங்க."

பிரேம்நாத் இரண்டையும் பார்த்தார். பிறகு மேசையின் அந்தக் கோடியில் தலைகுனிந்து அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்த கல்யாணப் பெண் தீபிகாவைப் பார்த்தார்.

"உனக்கு எதும்மா புடிச்சிருக்குது?"

காலையிலிருந்து அவளிடம் யாரும் கேட்கவில்லை என்பது இருபத்தைந்து பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

"மயில் கழுத்து," என்றாள் தீபிகா, கேட்கக் காத்திருந்தவள் போல.

கிருஷ்ணவேணி சிரித்துவிட்டாள். "உங்க மாமா கெட்டிக்காரருமா."

"எனக்கு மாமாவா? உங்க வூட்டுப் பெரியப்பா இல்லியா?"

எல்லாரும் பிரேம்நாத்தைப் பார்த்தார்கள். அவர் பாயசத்தைக் கீழே வைத்தார். "நான் இந்த ஹோட்டல மூட வந்தவன்மா."

முதலில் கிரேஸ் வாயைப் பொத்தினாள். அப்புறம் யாரோ சிரிக்க, மேசை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குலுங்கியது. கிருஷ்ணவேணிதான் முதலில் சிரிப்பை அடக்கினாள்.

"ஏம்பா மூடுறீங்க? சம்பந்தியோட ஒண்ணா உக்காந்து சாப்புட வேற எங்க இடம் இருக்குது? வளைகாப்புக்கும் இங்கதான்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

தீபிகாவுக்குப் புரையேறியது.

பிரேம்நாத் கை கழுவிவிட்டு சத்யப்ரியாவிடம் வந்தார். பையைத் திறக்கவில்லை.

"சோபாவ எடுத்தது யாரு?"

"நான்தான் சார்."

"யாரக் கேட்டு?"

"மூணு வாட்டி கேட்டேன் சார். நாலாவது வாட்டி கேக்கல."

வாசலில் இன்னொரு வேன் வந்து நின்றது. கண்ணாடியில் பத்து முகங்கள் ஒட்டி, உள்ளே நீண்ட மேசையைப் பார்த்து மலர்ந்தன. பிரேம்நாத் அவற்றை எண்ணாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலைமை ஆபீசுக்குப் போன் போட்டார்.

"காஞ்சிபுரத்துல லெட்டர் குடுக்கல... இல்ல சார், தை முகூர்த்தம் முடியட்டும். மத்த மூணு கிளைக்கும் நீள மேசைக்கு ஒரு ஆளப் பாருங்க. ஆமா, நான்தான் பேசறேன்."

சத்யப்ரியா சமையலறைக்கு ஓடினாள்.

"அண்ணா, ஒல வைங்க. இன்னும் பத்து பேரு வராங்க. நாளைக்கும் கடை இருக்குது."

முனிரத்தினம் கரண்டியோடு திரும்பினார். "நாளைக்கு வேற எடத்துல வேலை கேக்க வரேன்னு சொல்லி வச்சிருக்கேனேமா."

"வரலன்னு சொல்லிடுங்க."

"அவங்க இன்னா நெனைப்பாங்க?" என்று அலுத்துக்கொண்டே அவர் அரிசியை அள்ளிக் கொட்டினார்.