முதல் எழுத்தை நம்பினவள்

1.

இது என்ரை சொந்தக் கதையில்லை, முதலே சொல்லிப்போடுறன். ஒஸ்லோவில் புருசெத் ரயில் மேடையில், வந்த ரயில்களையெல்லாம் போகவிட்டு, மங்களேஸ்வரி எனக்குச் சொன்னது. சொல்லிமுடிக்க, "எழுதட்டோ பிள்ளை?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவள் ஓம் என்றாள். அன்றிலிருந்து எனக்கு நிம்மதியில்லை.

முதல் தொடக்கம்: "பனி கொட்டிக்கொண்டிருந்த ஒஸ்லோ நகரில்..." சீ! ஒஸ்லோ என்றால் பனி கொட்டத்தான் வேணுமோ? அப்போது நல்ல வெயில். வெட்டியாச்சு.

இரண்டாவது: "மங்களேஸ்வரி ஒரு கணினி நிபுணி. அவளது விரல்கள்..." நிபுணியாம்! கேட்டால் அவளே சிரிப்பாள். நேராகவே சொல்லுறன்.

2.

ஸ்கொட்லாந்தில் ஸ்கொட்ஸ் என்றொரு மொழி உண்டு, ஆங்கிலத்துக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி. அந்தக் காலத்தில் அதை ஆளுக்கொரு விதமாய் எழுத்துக்கூட்டி எழுதியிருக்கினம். இங்கே ஒரு பேராசிரியர் பழைய ஸ்கொட்ஸ் கடிதங்களைக் கணினியில் ஏற்றிவைத்திருந்தார். ஒரு சொல்லைத் தேடினால் அதன் மற்ற எழுத்துக்கூட்டல்களும் வந்து விழவேணும். அதற்கான நிரலை எழுதியவள் மங்களேஸ்வரி.

ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தை மாற்றவேணும் என்று நிரல் எண்ணும். கொஞ்சம் என்றால் ஒரே சொல், கூட என்றால் வேறு சொல். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் விடிஞ்சுபோம். அதனால் முதல் எழுத்து ஒன்றாக இருப்பவற்றை மட்டும் அது ஒப்பிடும்.

("குழந்தைக்கு ஸ்கொட்ஸிலை பேர்ன், நொர்வேஜியனிலை பார்ன். என்ரை புரோகிராம் ரெண்டும் ஒண்டெண்டு சொல்லுது அண்ணை!" என்று முன்பொருநாள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எங்கே வைக்கிறதென்று தெரியவில்லை. அடைப்புக்குள்ளேயே கிடக்கட்டும்.)

ஒரு சிக்கல் இருந்தது. 'என்ன' என்று கேட்கிற ஆங்கிலச் சொல் டபிள்யூவில் தொடங்கும். பழைய ஸ்கொட்ஸில் அதையே கியூவில் தொடங்கி எழுதியிருந்தார்கள்; முதல் எழுத்து வேறு என்று நிரல் இரண்டையும் ஒப்பிடாது. பேராசிரியர் சொல்லித்தர, மங்களேஸ்வரி அதற்கென்று தனி விதி ஒன்று எழுதினாள். இதை மறந்துபோகாதேங்கோ.

3.

2009 மே. வன்னியில் சண்டை முடிந்தது. அவளுடைய ஒரே தம்பி ரவீந்திரன் அங்கேதான் இருந்தான். உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஆளில்லை.

வன்னிச் சனத்தை அடைத்துவைத்திருந்த முகாம்களில் இருப்பவர்களின் பெயர்கள் மின்னஞ்சலில் கைமாறிக்கொண்டிருந்தன. எல்லாம் ஆங்கில எழுத்தில், எழுதினவரின் காதுக்குப் பட்டபடி. மங்களேஸ்வரி அவற்றைத் தன் நிரலுக்குள் போட்டாள்.

"எந்தக் காலத்துச் சொல்லையோ கண்டுபிடிச்ச புரோகிராம், என்ரை தம்பியைக் கண்டுபிடியாதோ எண்டு நினைச்சன் அண்ணை."

விதம்விதமான ரவீந்திரன்கள் வந்தார்கள். ஒருவருக்குத் தகப்பன் பெயர் வேறு, இன்னொருவருக்கு ஊர் வேறு. ஒருவரும் தம்பி இல்லை. "அவன் அதிலை இல்லை அம்மா," என்று ஊருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டாள்.

4.

ஆவணியில் ஒஸ்லோவிலேயே வெஸ்ட்லியிலிருந்து ஒரு கலியாணக் கார்ட் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் பெயர் 'இராசரத்தினம்' என்று அச்சாகியிருந்தது. எல்லாரும் ராசரத்தினம் என்று கூப்பிடுகிற மனிசன்.

ஐயோ, அந்த 'இ'!

தமிழில் 'ர' ஒரு சொல்லுக்கு முதலில் வராது, முன்னால் ஒரு 'இ' போடவேணும். பள்ளிக்கூடத்தில் எங்கள் எல்லாருடைய காதையும் முறுக்கிச் சொல்லித்தந்த விஷயம். நல்ல தமிழ் படித்த யாரோ ஒருவர் தம்பியின் பெயரைப் பதிந்திருந்தால்? ஆங்கிலத்திலும் அது ஆரில் இல்லை, ஐயில் தொடங்கியிருக்குமே!

முதல் எழுத்துப் பூட்டைக் கழற்றிவிட்டு ஓடவிட்டாள். உடனே வந்தான்: இரவீந்திரன், தகப்பன் தர்மலிங்கம், ஊரும் சரி. மே மாதத்திலிருந்து அந்தப் பட்டியலிலேயேதான் இருந்திருக்கிறான்.

ஆள்மேல் ஆள் பிடித்து முகாமுக்குள் விசாரித்தாள். வந்த பதில்: "போன கிழமை வரைக்கும் இஞ்சைதான் இருந்தவர். பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு போட்டினம். எங்கையெண்டு தெரியாது."

"கியூவுக்கு விதி எழுதினனான் அண்ணை. வெள்ளைக்காரன் சொல்ல எழுதினனான். எங்கடை 'இ'னாவுக்கு எழுதேல்லையே!"

'அவள் அழவில்லை' என்று எழுதிவைத்திருந்தேன். அப்படி எழுதினால் கதை எடுப்பாக இருக்கும். பொய். ரயில் மேடையில் சனம் பார்க்கப் பார்க்க விக்கி விக்கி அழுதாள்.

5.

இனி முடிவு.

முடிவு ஒன்று: மணி அடிக்கிறது. கதவைத் திறந்தால் வாசலில் ஒரு...

முடிவு இரண்டு: அவனுடைய படத்துக்கு மாலை போட்டு...

இரண்டையும் மங்களேஸ்வரி வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். என்ரை புத்தியைச் செருப்பாலை அடிக்கவேணும். வாசித்துவிட்டுத் தாள்களைத் திருப்பித் தந்தாள்.

"இதை முடிக்கிறதுக்கு நீங்கள் ஆர் அண்ணை?"

நியாயமான கேள்வி. எழும்பி வெளிக்கிட்டேன். கதவடியில் மறித்தாள்.

"அவன்ரை பெயரை எப்பிடி எழுதியிருக்கிறியள்?"

"ரவீந்திரன் எண்டு."

"மற்ற மாதிரியும் எழுதுங்கோ. ரெண்டும் இருக்கட்டும்."

எழுதிவிட்டேன். முடிவு என்னிடம் இல்லை. வாசிக்கிற உங்களிடம் ஒருவேளை இருக்கலாம். ரவீந்திரன். இரவீந்திரன். தர்மலிங்கத்தின்ரை மகன். முதல் எழுத்தைப் பார்த்து இவன் அவனில்லை என்று தள்ளிவிடாதேங்கோ. எங்கையேனும் கண்டால், அக்கா இன்னும் புருசெத்திலைதான் இருக்கிறா எண்டு சொல்லுங்கோ.