பத்து வார்த்தைக்கு மேல்

சங்கரன்கோவிலில் இருக்கிற ஆயிரம் விசைத்தறிகளும் ஒரு நாள் மத்தியானம், பக்கத்தில் ஈ காக்கை இல்லாத நேரத்தில், தாமாகவே கிளம்பி, தான் கட்டிய பாட்டுக்கு ஒரே தாளம் போட்டன என்று ஆவுடையப்பன் சொன்னார். சொன்ன இடம் முகம்மது மைதீன் டீக்கடை. கையில் இருந்த டீயை ஆற விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துத் தெருவின் நீளத்தைக் காட்டியே சொன்னார்.

"போன வாரம் முந்நூறு தறின்னுல்லா சொன்னிய" என்றார் பக்கத்து வீட்டுச் சங்கரசுப்பு. நாலு தறிக்குச் சொந்தக்காரர். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, கோயிலுக்குள் போனாலும் கத்தித்தான் பேசுவார்.

"முந்நூறு நம்ம தெருவுல வே. அதைக் கேட்டுட்டு அடுத்த தெருவுல உள்ளதும் சேந்துக்கிடுச்சு."

"அப்பம் கழுகுமலை வரைக்கும் கேட்டிருக்கணுமே அண்ணாச்சி" என்றார் மைதீன், பாய்லருக்குப் பின்னால் இருந்து.

"கேட்டிருக்கும். அங்கன உள்ளவனுக்கு ரசிக்கத் தெரியல, அதுக்கு நான் என்ன செய்ய?"

கடை சிரித்தது. சங்கரசுப்பு மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு, "நடக்காததை நடந்துச்சுன்னு சொல்லாதிய" என்று எழுந்து போய்விட்டார்.

ஆவுடையப்பன் தபாலாபீஸில் தந்தி அடித்து ஓய்வு பெற்றவர். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் வேறு வேலை பார்த்ததில்லை. தந்தியில் வார்த்தைக்குக் காசு. ஒருவன் ஆற்றுவெள்ளம் மாதிரி அழுதுகொண்டு வந்து நின்றாலும், அந்த வெள்ளத்தைப் பிழிந்து பத்து வார்த்தைக்குள் அடைத்து, கட்டுக் கடகட்டு என்று விரலால் தட்டி அனுப்பிவிட வேண்டும். இப்படி ஊராருடைய துக்கத்தையும் கல்யாணத்தையும் வெட்டிச் சுருக்கியே காலம் கழித்த மனுஷன், ஆபீஸை விட்டு வெளியே வந்ததும் அத்தனைக்கும் பழி தீர்த்துக்கொள்வார். அவர் வாயில் விழுந்த வெள்ளரிப்பிஞ்சு பூசணிக்காயாகத்தான் வெளியே வரும். ஒருதடவை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாரைப்பாம்பைப் பார்த்துவிட்டு வந்து, அது செங்கோட்டைப் பாசஞ்சர் நீளம் இருந்தது என்று வந்திருந்த விருந்தாளிகளிடம் சொன்னார். அடுப்படியில் இருந்த அவர் மனைவி கோமதியம்மாள் தாளிப்பதை நிறுத்தாமலே, "ஆமா, நானும் பாத்தேன். கடைசிப் பெட்டி கொஞ்சம் கறுத்திருந்துச்சு" என்றாள். அவள் அன்றைக்கு வீட்டைவிட்டு வெளியே போகவே இல்லை. அவர் சொன்ன பொய் எதற்கும் அவள்தான் சாட்சி. சாட்சி இருக்கிற தைரியத்தில் அவர் இன்னும் இரண்டு பெட்டி சேர்த்துக்கொள்வார்.

அவள் போய் இரண்டு ஆடி முடிந்துவிட்டது. பிள்ளை குட்டி கிடையாது. பம்பாயில் இருந்த அவள் தம்பிக்குத் தந்தி கொடுக்க ஆவுடையப்பன் தானே ஆபீஸுக்குப் போனார். புதிதாக வந்திருந்த குமாஸ்தா தாளை நீட்டினான். கை பழக்கத்தில் தானாக எழுதியது: கோமதி எக்ஸ்பயர்ட் ஸ்டார்ட் இம்மீடியட்லி. நாலே வார்த்தை. எழுதிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கும்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் தன் ஆயிரம் பொய்க்குச் சாட்சி சொன்னவளுக்கு, இருக்கிற பத்து வார்த்தையைக்கூட முழுசாகச் செலவழிக்கவில்லை.

அவளைப் பற்றி ஒரு பாட்டுக் கட்ட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தார். பத்து வார்த்தைக்கு மேல் போகிற பாட்டு. நினைத்ததோடு சரி. உட்கார்ந்து எழுதினால் பத்தாவது வார்த்தையில் விரல் நின்றுவிடும், மாடு வாசலைக் கண்டதும் நிற்கிற மாதிரி. பாட்டு எங்கே இருக்கிறது என்று தேடப் புறப்பட்டார். நூலகத்துக்குப் போய் அங்கிருந்த பாட்டுப் புத்தகங்களை எல்லாம் படித்தார். அவை தீர்ந்ததும், அவர் சொன்ன கணக்குப்படி, அலமாரிகளையும் படித்தார். படித்தவரை எல்லாம் அடுத்தவன் பெண்டாட்டியைப் பற்றி அடுத்தவன் அழுததாகவே இருந்தது. கோயிலுக்குப் போய்த் தூணில் கிளியோடு நிற்கிற கல்பெண்ணை ஒரு பகல் முழுக்கப் பார்த்தார். அந்தக் கல் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் மிச்சம். மேலநீலிதநல்லூர் ரோட்டில் நடந்து போய்ப் பருத்திக் காட்டு வரப்பில் உட்கார்ந்து கவுதாரி கத்துவதைக் கேட்டார். கரிசல் வெடித்துக் கிடந்த வெடிப்பில் காதை வைத்துக்கூடப் பார்த்தார். ஆடு மேய்த்த ஒருவன், "பெரியவரே, என்னத்தையும் தொலைச்சிட்டியளா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். வந்து, இரண்டு பேருக்குப் பொங்கிவிட்டு, ஒருவராகச் சாப்பிட்டார்.

அந்தத் தெருவில் தறிச் சத்தத்தை யாரும் கேட்பதே இல்லை. கரண்ட் போய் நின்றால்தான், அதுவரை ஒரு சத்தம் இருந்தது என்றே தெரியும். ஒவ்வொரு தறியும் ஒவ்வொரு நேரத்தில் கிளம்பித் தன் இஷ்டத்துக்கு அடிக்கும். மொத்தமாகக் கேட்டால் தகரக் கூரையில் கல் கொட்டுகிற மாதிரிதான் இருக்கும். இன்னொரு பழக்கமும் தறிக்காரர்களுக்கு உண்டு. கரண்ட் போனால் சுவிட்சை அணைக்க மாட்டார்கள். அப்படியே விட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். கரண்ட் வந்ததும் தறியே அடித்துக் கூப்பிடும். ஓடிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். எப்போதும் வீட்டுக்கு ஒருவராவது தறிப்பக்கம் இருப்பார் என்பதால், குறுக்கே ஓடுகிற நாடாக்கட்டை தெறித்துப் பாவு நூல் அறுந்துபோகிற சேதம் வருவதில்லை.

அந்த ஐப்பசியில், மழையே வராது என்று எல்லோரும் சாயம் போட்ட நூலை மொட்டைமாடிகளில் காயப் போட்டிருந்த ஒரு மத்தியானம், மேற்கே இருந்து ஒரு மழை வந்து விழுந்தது. விழுந்த கையோடு கரண்டும் போனது. ஆண், பெண், நடக்க முடிந்த அத்தனை பேரும் நூலைக் காப்பாற்ற மாடிக்கு ஓடினார்கள். தெருவில் கீழே இருந்த ஒரே ஆள் ஆவுடையப்பன். காப்பாற்ற அவரிடம் நூல் இல்லை. இருட்டு வீட்டுக்குள் மேஜை முன்னால் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். அப்போது கரண்ட் வந்தது. தெருவில் இருந்த அத்தனை தறியும், ஆளில்லாமல், ஒரே நொடியில் கிளம்பின. ஒரே அடி. பிறகு இன்னொரு அடி. தெருவே ஒரு தறி மாதிரி. தரை அதிர்ந்து கால் வழியாக ஏறியது. மேஜையில் கிடந்த அவர் விரல்கள் பழைய ஆபீஸ் ஞாபகத்தில் தாமாகத் தட்ட ஆரம்பித்தன. தட்டத் தட்ட வார்த்தை வந்தது.

அடுப்புக்கு ரெண்டு விறகு வச்சா,
ஆளுக்கு ஒருவாய் காப்பி வச்சா,
பொய்யின்னு தெரிஞ்சும் மெய்யின்னு சொன்னா,
போறப்ப மட்டும் சொல்லாமப் போனா.

பத்தாவது வார்த்தை எப்போது தாண்டியது என்று அவருக்குத் தெரியவே இல்லை. ஒரு நிமிஷம் இருக்கலாம். பிறகு ஒவ்வொரு தறியாக விலகித் தன் வழியில் அடிக்க ஆரம்பித்தது. ஆட்கள் தடதடவென்று படியிறங்கி ஓடினார்கள். பழைய கல்மழைச் சத்தம் திரும்பி வந்துவிட்டது.

கேட்டியளா என்று தெரு முழுக்கக் கேட்டுப் பார்த்தார். ஒருவருக்கும் கேட்டிருக்கவில்லை. மாடியில் மழை காதை அடைத்திருந்தது என்றார்கள். பாம்பு ரயிலாகிற கதையைப் பத்து வருஷமாகக் கேட்டவர்கள், வேறு என்ன சொல்வார்கள்? கடைசியாகச் சங்கரசுப்புவிடம் போனார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவருக்குக் கேட்காமல் இருக்க வழியே இல்லை.

"நான் சுவிட்சை அணைச்சிட்டுத்தான் மாடிக்குப் போனேன் அண்ணாச்சி. என் நாலு தறியும் அன்னைக்கு மூச்சு விடல. பெறவு எங்கன இருந்து தாளம்?"

ஆவுடையப்பன் டீக்கடையில் தறிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனது அதற்குப் பிறகுதான். கூட்டக் கூட்ட அவருக்கே பயமாக இருந்தது. அவர் பொய் சொல்லும்போதெல்லாம் உண்மை எது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கும், அதில்தான் ருசியே. இதில் அது தெரியவில்லை. ஒட்டிய சுவருக்குப் பின்னால் தறி ஓடவில்லை என்றால், தன் கால் வழியாக ஏறியது என்ன? தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிற மனுஷனுக்குக் காதுக்குள் தறி ஓடுகிறது என்றால் அதற்குப் பெயர் வேறு. சில நாள் விடிகாலையில் அடுப்படியில் கரண்டிச் சத்தம் கேட்பதுபோல் இருந்ததையும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன என்றால், பாட்டும் அங்கிருந்துதான் வந்திருக்கிறது. கிறுக்கனின் முனகலை அவள் பெயரில் ஏற்றி வைக்க அவருக்கு மனசில்லை. சங்கரசுப்பு எழுந்து போன அன்றிலிருந்து அவர் டீக்கடைப் பக்கம் போகவில்லை.

மூன்றாம் நாள் கரண்ட் போன சமயம் பார்த்து, சங்கரசுப்பு ஒரு தூக்குவாளியில் குழம்போடு உள்ளே வந்தார். "வீட்டுக்காரி பேச்சி குடுத்துவிட்டா. அண்ணாச்சிக்கு உடம்புக்கு என்னன்னு கேட்டுட்டு வரச் சொன்னா."

"ஒண்ணுமில்ல வே. இரும்."

தெருவில் சத்தமே இல்லை. மின்விசிறி நின்றுபோயிருந்தது. சங்கரசுப்பு பழக்கத்தில் கத்திப் பேச வாயெடுத்து, தன் குரலே பெரிதாகக் கேட்டு, தணித்துக்கொண்டார். "இன்னைக்கு எத்தனை தறி அண்ணாச்சி? ரெண்டாயிரம் ஆயிருக்குமே."

"ஒரு தறியும் அடிக்கல வே" என்றார் ஆவுடையப்பன். "நீரு சொன்னதுதான் சரி. எனக்குத்தான் காதுல என்னமோ. மைதீன்கிட்டயும் சொல்லிரும், அண்ணாச்சி சும்மா சொன்னாருன்னு. அந்தப் பாட்டையும் நான் விட்டுட்டேன்."

சங்கரசுப்பு அவரையே பார்த்தார். பாம்பையோ மழையையோ ஒரு விரற்கடை குறைத்துச் சொல்லி அறியாத வாய். ஆயிரம் தறியை ஒரே மூச்சில் ஒன்றுமில்லை என்று ஆக்கிவிட்டு, தூக்குவாளி மூடியைத் திறந்து குழம்பை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார் அந்த மனுஷன். இத்தனை சின்ன ஆளாக அவரைச் சங்கரசுப்பு பார்த்ததில்லை.

"விடுறது கிடக்கட்டும். ஒருக்காப் பாடுங்க."

"எதுக்கு வே?"

"பேச்சி கேப்பா, என்ன பேசிட்டு இருந்தியன்னு. பாடுங்க."

ஆவுடையப்பன் மேஜையில் விரலை வைத்தார். தட்டிக்கொண்டே, பேசுகிற மாதிரி மெல்லப் பாடினார். குரல் விறகிலும் காப்பியிலும் சரியாகப் போய், மூன்றாவது வரியில் கொஞ்சம் உடைந்தது. நாலாவது வரி தொடங்கும்போது சங்கரசுப்பு கையை நீட்டி அவர் விரல்களை அமுக்கிப் பிடித்தார்.

"அங்கன தப்பு."

"எங்கன?"

"எல்லாம் சேந்து ஒரு அடி விழும். விழுந்த பெறவு, பின்னாடியே ஒத்தையா ஒண்ணு விழணும். நீங்க அதை விட்டுட்டுப் பாடுதிய."

ஆவுடையப்பன் மெல்ல விரலை உருவிக்கொண்டு நிமிர்ந்தார்.

"என் மூணாவது தறி" என்றார் சங்கரசுப்பு. "அதுக்குப் பெல்ட்டு தொய்ஞ்சு கிடக்கு. அன்னைக்கு ஒவ்வொரு அடிக்கும் அது கொஞ்சம் பிந்தித்தான் வந்துச்சு."

"சுவிட்சை அணைச்சிட்டுல்லா போனேன்னீரு."

"பேச்சிட்ட அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். நாடா தெறிச்சுப் பாவு பூரா அறுந்துபோச்சுல்லா. வேலைக்கு வந்த பயதான் மறுபடி சுவிட்சைப் போட்டுட்டான்னு பழியை அவன் தலையில போட்டுட்டேன்." சுவரைப் பார்த்துக் குரலை இன்னும் தணித்தார். "நூலைத் தோள்ல போட்டுக்கிட்டுப் பாதிப் படியில நின்னேன் அண்ணாச்சி. எறங்கி ஓடி அணைக்கணும்னு புத்திக்குத் தெரியுது. கால் வரல. தெருவே ஒண்ணா அடிக்கு."

கரண்ட் இன்னும் வரவில்லை. ஆவுடையப்பன் மறுபடி விரலை மேஜையில் வைத்தார். முதல் வரி. அடி விழுந்து முடிந்த இடத்தில், சங்கரசுப்பு மடக்கிய விரல்முட்டியால் சுவரில், சற்றுப் பிந்தி, ஒற்றையாக ஒன்று தட்டினார். இரண்டாவது வரி. மறுபடி ஒன்று.

"யாரது சுவரைத் தட்டுதது?" என்று அந்தப் பக்கமிருந்து பேச்சியின் குரல் வந்தது.

சங்கரசுப்பு கையை எடுக்கவில்லை.

"நடந்துச்சு அண்ணாச்சி" என்றார். "நீங்க நிறுத்தாதிய."